எங்கள் வீட்டு நான்கு "கார்"கள்

கார் வாங்கப் போகும் ஒருவரைக் கவனித்திருக்கிறீர்களா, தோழியரே? லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும், பிரேக் எப்படி, எத்தனை பேர் உட்காரலாம், மேடு ஏறும்போது திணறுமா, உதிரிப் பாகங்கள் நம் ஊரில் கிடைக்குமா என்று கேள்விமேல் கேள்வியாகக் கேட்பார். ஓட்டிப் பார்ப்பார். தெரிந்தவர் நாலு பேரிடம் விசாரிப்பார். அதே பெரியவர் தம் மகளுக்குச் சைக்கிள் வாங்கக் கடைக்குப் போனால் கேட்பவை இரண்டே கேள்விகள்: "என்ன விலை?", "வேறு கலர் இருக்கிறதா?" முன்னால் ஒரு கூடையும் கைப்பிடியில் இரண்டு குஞ்சமும் இருந்துவிட்டால் வியாபாரம் முடிந்தது.

காரும் வண்டிதான்; சைக்கிளும் வண்டிதான். காரிடம் கேட்கும் கேள்விகளைச் சைக்கிளிடமும் கேட்டுப் பார்த்தால் என்ன? எங்கள் வீட்டில் கார் கிடையாது. ஆனால் சைக்கிள்கள் நான்கு உள்ளன. நான்கையும் திண்ணையோரம் வரிசையாக நிறுத்திவைத்து, இந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். நான்கும் நான்கு விதக் கார்கள் என்று தெரிந்தது. (மிதிவண்டி என்று எழுதாமல் சைக்கிள் என்றே எழுதுவதைத் தமிழம்மா பொறுத்தருள வேண்டும். "மிதிவண்டியைத் துடைத்து வை" என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை.)

உறவுமுறை

முதலில் இவ்விரு வண்டிகளின் உறவுமுறையைச் சொல்லிவிடுகிறேன். சைக்கிளும் காரும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 1885-இல் "ரோவர்" என்ற சைக்கிளைச் செய்தார். நாம் இன்று ஓட்டும் சைக்கிள்களின் உருவம் அதிலிருந்துதான் வந்தது: ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரண்டு சக்கரங்கள், நடுவில் பெடல், பின் சக்கரத்துக்குச் செயின். ஜெர்மனியில் மன்ஹைம் நகரில் கார்ல் பென்ஸ் தம் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கோரியது 1886 ஜனவரியில். அந்த முதல் காரின் படத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். மூன்று சக்கரங்கள், அவற்றில் சைக்கிளைப் போலவே மெல்லிய ஸ்போக் கம்பிகள், இரும்புக் குழாயால் ஆன சட்டம், சக்கரத்தைச் சுற்ற செயின். சைக்கிளின் உடம்பில் எஞ்சினை வைத்ததுதான் முதல் கார் எனலாம். காற்றடைத்த டயரும் அப்படித்தான். பெல்ஃபாஸ்ட் நகரின் கால்நடை மருத்துவர் டன்லப் 1888-இல் தம் மகனின் மூன்று சக்கரச் சைக்கிளுக்காகச் செய்தது பிற்பாடு காருக்குப் போயிற்று.

கார்க் கம்பெனிகளிலும் பல சைக்கிளில் பிறந்தவையே. ஓப்பல், பெழோ, ரோவர் மூன்றும் கார் செய்வதற்கு முன் சைக்கிள் செய்தவை. எனக்கு மிகவும் பிடித்த கதை வில்லியம் மாரிஸுடையது. அவர் 1893-இல், பதினாறு வயதில், நான்கு பவுன் முதலுடன் ஆக்ஸ்ஃபோர்டில் தம் பெற்றோர் வீட்டிலேயே சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்தார். அவரே பின்னாளில் மாரிஸ் மோட்டார் கம்பெனியின் அதிபர். அந்தக் கம்பெனியின் "மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு" காரைத்தான் நம் நாட்டில், வங்காளத்து உத்தர்பாராவில், 1950-களின் இறுதியிலிருந்து "அம்பாசிடர்" என்ற பெயரில் செய்தார்கள். அமைச்சர்களும் ஆயர்களும் கலெக்டர்களும் ஏறிச் சென்ற அம்பாசிடரின் பாட்டனார் ஒரு சைக்கிள் கடைக்காரர்!

கன்னியர் நடத்தும் பள்ளியின் மலரில் இன்னும் இரண்டு பெண்களைக் குறிப்பிடாமல் போகலாகாது. ஒருத்தி, மெர்ஸிடெஸ் என்ற சிறுமி. தந்தை எமில் எலினெக் டெய்ம்லர் கார்களை விற்றவர். தம் மகளின் பெயரையே காருக்குச் சூட்டச் செய்தார். ஸ்பானிய மொழியில் இரக்கத்தின் அன்னை என்று தேவமாதாவை அழைக்கும் திருநாமத்திலிருந்து வந்தது அப்பெயர். நெடுஞ்சாலையில் நம்மைத் தாண்டி விரையும் அந்த விலையுயர்ந்த காரில் மாதாவின் பெயர் இருப்பதை ஓட்டுபவர்களே அறிவார்களோ என்னவோ!

மற்றவர் கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா. 1888 ஆகஸ்டில் ஒரு நாள், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து தம் தாய்வீடு இருந்த ஃபோர்ஸ்ஹைமுக்குக் காரிலேயே புறப்பட்டார். தூரம் சுமார் 100 கி.மீ. அதுவரை எவரும் காரில் அவ்வளவு தூரம் சென்றதில்லை. வழியில் எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் குத்தியிருந்த ஊசியால் குத்தி எடுத்தார். மின்கம்பியின் உறை தேய்ந்தது. காலுறைப் பட்டியைச் சுற்றினார். மரப் பிரேக் கட்டை தேய்ந்தது. வழியிலிருந்த செருப்புத் தைப்பவரிடம் தோல் அடித்து வாங்கினார். எரிபொருளை மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். ஊர் போய்ச் சேர்ந்தார். இந்த அம்மையாரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இவர் நமக்குத் தேவைப்படுவார்.

தாத்தாவின் அம்பாசிடர்

எங்கள் வீட்டு மூத்த வண்டி ஹெர்குலிஸ். அம்மாவைப் பெற்ற தாத்தா உபதேசியாராக இருந்தவர். பங்குச் சாமியார் வர இயலாத சிற்றூர்களுக்கு ஜெபம் சொல்லவும், பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பிக்கவும் இந்தச் சைக்கிளில்தான் போவார். சாமியார் வரும் நாட்களில் பூசைப் பெட்டி இதன் கேரியரில் ஏறும். தாத்தா இறைவனடி சேர்ந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வண்டி இன்றும் ஓடுகிறது. இப்போது அப்பா ஓட்டுகிறார்.

இதுதான் அம்பாசிடர். இரண்டும் ஒரே குணம். 28 அங்குலச் சக்கரம், நீண்ட உடம்பு, கீழே ஸ்பிரிங் வைத்த அகன்ற தோல் சீட்டு. அம்பாசிடரில் வளைவு திரும்ப நேரம் ஆகும். குண்டு குழியில் விழுந்தாலும் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. ஹெர்குலிஸும் அப்படியே. முன் ஃபோர்க்கு சற்று முன்னோக்கிச் சாய்ந்திருப்பதால் கைக்கு அதிர்ச்சி குறைவு. ஆனால் சந்து முனையில் சட்டென்று திருப்ப முடியாது. இரண்டிலும் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஏறலாம் என்று நம் மக்கள் நம்பினார்கள். அம்பாசிடரில் பத்துப் பேர் திருமணத்துக்குப் போனதுண்டு. தாத்தாவின் சைக்கிளில் முன் பாரில் அம்மா, கேரியரில் பாட்டி, பாட்டி மடியில் மாமா.

எடையும் அப்படித்தான். அம்பாசிடர் 1,100 கிலோவுக்கு மேல். தாத்தாவின் சைக்கிள் இருபது கிலோவுக்குக் குறையாது. இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் சைக்கிளின் பெருமை விளங்கும். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் தனியே அம்பாசிடரில் போனால், அவரை விடப் பதினெட்டு மடங்கு கனமான இரும்பும் கூடவே போகிறது. சைக்கிளிலோ, அவர் எடையில் மூன்றில் ஒரு பங்கு இரும்புதான் போகிறது. நிதானமாக மிதிக்கும்போது நம் கால்கள் கொடுக்கும் சக்தி சுமார் 75 வாட். அதாவது ஒரு குதிரைத் திறனில் பத்தில் ஒரு பங்கு. அதைக்கொண்டு ஒரு மனிதரையும் ஒரு மூட்டை அரிசியையும் அடுத்த ஊர் சேர்க்கிறது இந்த வண்டி.

உதிரிப் பாகம் எங்கும் கிடைக்கும் என்பதும் இருவருக்கும் பொதுவான பெருமை. அம்பாசிடரை எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்து மாட்டுவார் என்பார்கள். 2014-இல் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஹெர்குலிஸின் பால்ரஸ் குண்டும், கோட்டர் பின்னும், செயினும் எங்கள் ஊர்ச் சந்தையில் இன்றும் கிடைக்கின்றன.

அம்மாவின் திறந்த கார்

இரண்டாவது வண்டி அம்மாவின் லேடீஸ் சைக்கிள், பி.எஸ்.ஏ. சென்னை அம்பத்தூரில் 1949-இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள் கம்பெனி ஹெர்குலிஸையும் செய்தது, இதையும் செய்தது. பி.எஸ்.ஏ. என்பது பர்மிங்காமில் துப்பாக்கி செய்த கம்பெனியின் பெயர்ச் சுருக்கம். அதன் பழைய சின்னத்தில் மூன்று துப்பாக்கிகள் சாய்த்து நிறுத்தப்பட்டிருக்கும். சேலை சிக்காதிருக்க வலை கட்டிய இந்தச் சாதுவான வண்டிக்கு அப்படி ஒரு பூர்வீகம்!

லேடீஸ் சைக்கிள் எந்தக் காரைப் போன்றது என்று யோசித்தேன். வடிவழகைப் பார்த்தால் ஃபியட் என்று சொல்லத் தோன்றும். 1974-இல் "பத்மினி" என்று பெயர் மாறியபின் அதுவும் பெண் வண்டிதானே! ஆனால் இயந்திரவியல் முறைப்படி இது கூரையில்லாத திறந்த கார். ஏன் என்று சொல்கிறேன்.

மூன்று ஈர்க்குச்சிகளை எடுத்து நுனிக்கு நுனி நூலால் கட்டி முக்கோணம் செய்யுங்கள். நான்கு ஈர்க்குச்சிகளால் ஒரு சதுரமும் செய்யுங்கள். இரண்டையும் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். சதுரம் சாய்ந்து படுத்துவிடும், முக்கோணம் அசையாது. ஆண்கள் ஓட்டும் சைக்கிளில் சீட்டிலிருந்து ஹேண்டில் பாருக்குப் போகும் குறுக்குப் பார்தான் முக்கோண உறுதியைத் தருகிறது. சேலையும் பாவாடையும் தடையின்றிப் போக அந்தப் பாரைக் கீழே இறக்கியதும் அந்த உறுதி குறைந்துபோகிறது. அதை ஈடுகட்டக் கனமான குழாய் போட வேண்டியிருக்கிறது. ஆகவே லேடீஸ் சைக்கிளில் ஒரு கம்பி குறைவு போலத் தோன்றினாலும், அதே தரத்தில் எடை குறைவதில்லை.

காரிலும் இதே கதை. இன்றைய கார்களில் கூரையும் கதவு நிலைகளும் தரையும் சேர்ந்து ஒரே பெட்டியாக உறுதி தருகின்றன. கூரையை வெட்டி எடுத்துத் திறந்த கார் செய்தால் பெட்டி நெளியும். எனவே அடிப்பாகத்தில் கூடுதல் இரும்பு சேர்ப்பார்கள். கூரை இல்லாத கார் கூரையுள்ளதை விடக் கனமாக இருப்பதும் உண்டு! இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுக்கு அடியில் தனிச் சட்டம் இருந்தது. கூரையை நம்பி அது நிற்கவில்லை. அதனால் திறந்த காராகவும் அதை எளிதில் செய்ய முடிந்தது. சென்னையில் 1960-களில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு அதன் தங்கைதான்.

ஆனால் அம்மா சைக்கிள் பழகியது இந்த வண்டியில் அல்ல. 1991-92-இல் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த திருமதி ஷீலா ராணி சுங்கத் அவர்கள் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துவிட்டார். பல்லாயிரக்கணக்கான பெண்கள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிளுக்கு எங்கே போவது? கிடைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். அம்மா தாத்தாவின் ஹெர்குலிஸை எடுத்தார். முதலில் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல், ஒரு மாதத்தில் பாருக்கு மேல். பங்கில் சிலர் முணுமுணுத்தார்களாம். தாத்தா பதில் சொல்லாமல் கோயில் மணி அடிக்கப் போய்விட்டாராம்.

இன்னொரு செய்தியும் உண்டு. அந்த நாட்களில் எங்கள் மாவட்டத்தைச் சுற்றிவந்து எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத், பெண்களில் சிலர் ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்கள் என்று குறிப்பிடுகிறார். காரணம், முன் பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பது! எந்தப் பாரைப் பெண்களுக்கு இடைஞ்சல் என்று கம்பெனிக்காரர்கள் எடுத்தார்களோ, அதையே கூடுதல் இருக்கையாக்கிக் கொண்டார்கள் நம் தாய்மார்கள். வண்டி எதற்கு என்பதை ஓட்டுபவரிடம் கேட்பதே முறை.

அண்ணனின் ஜீப்

மூன்றாவது, கல்லூரியில் படிக்கும் அண்ணனுடையது. கியர் சைக்கிள். புடைத்த பட்டன்கள் கொண்ட தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க்கு, முன் பல்சக்கரம் மூன்று, பின் பல்சக்கரம் ஏழு. மலை ஏறுவதற்காகப் படைக்கப்பட்ட வண்டி இது. எங்கள் தாலுகாவில் உள்ள மிகப் பெரிய ஏற்றம் ரயில்வே மேம்பாலம். நகரத்துத் தார் ரோட்டை விட்டு இறங்கவே இறங்காத பெரிய பெரிய ஜீப் ரகக் கார்கள் இருக்கின்றன அல்லவா? அந்த வகையைச் சேர்ந்தது இது. தடித்த டயர் சேற்றுக்கும் மணலுக்கும் நல்லது. தார் ரோட்டில் அதுவே "ங்ங்ங்" என்று இரைந்து காலை இழுக்கும். ஸ்பிரிங் ஃபோர்க்கு, மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது நம் பலத்தில் கொஞ்சத்தைத் தானே குடித்துவிடும்.

அண்ணனைக் கேலி செய்தாலும் கியரைக் கேலி செய்ய மாட்டேன். சைக்கிளில் கியர் என்பது காரில் உள்ளதேதான். தாத்தாவின் சைக்கிளில் முன் பல்சக்கரத்துக்கு 44 பல், பின்னதற்கு 18 பல். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பின் சக்கரம் 2.44 சுற்றுச் சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.23 மீட்டர். ஆக, ஒரு மிதிச் சுற்றுக்கு ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் போகிறோம். மேடானாலும் சமதளமானாலும் அதே ஐந்தரைதான். ஒரே கியரில் ஓடும் கார்! அண்ணனின் வண்டியில் முன்னால் 24 பல்லும் பின்னால் 28 பல்லும் போட்டால் ஒரு சுற்றுக்கு 1.8 மீட்டருக்கும் குறைவாகவே நகரும். ஆனால் கால் நோகாமல் ஏறும். இது காரின் முதல் கியர். முன்னால் 42, பின்னால் 14 என்றால் ஆறு மீட்டருக்கு மேல். இது மேல் கியர். "21 கியர்" என்று விளம்பரம் செய்கிறார்கள். மூன்றை ஏழால் பெருக்கினால் 21 வருவது உண்மைதான். ஆனால் அவற்றில் பல ஒன்றுக்கொன்று ஏறக்குறைய சமம் என்பதைக் கணக்கு வகுப்பில் சும்மா இருக்கும்போது போட்டுப் பாருங்கள்.

என் மாருதி

நான்காவது என்னுடையது. பதினோராம் வகுப்பில் அரசு தந்த விலையில்லாச் சைக்கிள். இத்திட்டம் 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்காகத் தொடங்கி, 2005-06 முதல் அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது.

இதை மாருதி 800 என்பேன். 1983 டிசம்பரில் வெளிவந்த அந்தச் சிறிய காரைப் பற்றிப் பெரியவர்கள் இன்றும் கண் விரியப் பேசுகிறார்கள். 796 சி.சி. எஞ்சின், எடை அம்பாசிடரில் பாதியைச் சற்றுத் தாண்டும். "தகரம் மெலிசு" என்று முதலில் குறை சொன்னார்களாம். ஆனால் அதுவரை காரே நினைத்துப் பாராத குடும்பங்களுக்கு வீட்டு வாசலில் கார் வந்தது. என் சைக்கிளையும் "கம்பி மெலிசு, பெயிண்டு போகும்" என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. குறையில் உண்மையும் உண்டு. ஆனால் நம் கொட்டகையில் காலையில் எண்ணிப் பாருங்கள். பஸ் வராத ஊர்களிலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் இதில்தான் வருகிறார்கள். எல்லாம் ஒரே அச்சாக இருப்பதால் மாலையில் தம் வண்டியைத் தேட முடியாமல், ஒருத்தி ரிப்பன், ஒருத்தி ஜெபமாலை, ஒருத்தி பழைய வளையல் என்று ஹேண்டில் பாரில் அடையாளம் கட்டியிருப்பார்கள். என்னுடையதில் சோடா மூடி.

கடையில் கேட்க வேண்டியவை

இனி பெற்றோர்க்கு இரண்டு வார்த்தை. கார் ஓட்டுபவர் ஏறியதும் முதலில் என்ன செய்கிறார்? கால் பெடலுக்கு எட்டும்படி சீட்டை நகர்த்துகிறார். சைக்கிளில் மட்டும், "வளருகிற பிள்ளைதானே" என்று சீருடையைப் போல இரண்டு அளவு பெரிதாக வாங்கித் தருகிறோம். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். புதிதாய்ப் பழகுபவள் என்றால் சீட்டில் இருந்தபடியே இரு கால் விரல்களும் தரையைத் தொட வேண்டும். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிஷம் போதும், காசும் வேண்டாம். பஸ்ஸுக்கு ஒதுங்கிக் கால் ஊன்றும்போது தரை எட்டாமல் விழுகிற பெண்களைப் பார்க்கிறோமே, அவர்களில் பலருக்கு ஓட்டத் தெரியாதது காரணமல்ல. வண்டியின் உயரமே காரணம்.

மற்றொன்று பிரேக். வண்டி நிற்க முயலும்போது எடையெல்லாம் முன்னோக்கிப் பாயும். பஸ்ஸில் நின்றுகொண்டே வருபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் காரில் முன் சக்கரத்துக்குப் பலமான பிரேக் வைக்கிறார்கள். ஆனால் நம்மில் பலர் முன் பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழுவோம் என்று பயந்து பின் பிரேக்கை மட்டுமே பிடிக்கிறோம். முன் பிரேக்கைச் சட்டென்று இறுக்கினால்தான் ஆபத்து. இரண்டையும் சேர்த்து, மெல்லத் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போனால் பாதித் தூரத்தில் வண்டி நிற்கும். மழைநாளில் இன்னும் கவனம் வேண்டும். நம் சைக்கிள்களின் முலாம் பூசிய இரும்பு ரிம்மில் தண்ணீர் பட்டால் பிரேக் கட்டை வழுக்கும். நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே லேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துவிட்டு, பிறகு அழுத்த வேண்டும். காருக்கு இந்தத் தொல்லை குறைவு; அதன் பிரேக் தண்ணீருக்கு எளிதில் அசைவதில்லை.

ஒரு வால்வு ட்யூப்

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் ஒருத்தி பன்னிரண்டு நாட்கள் பள்ளிக்கு வரவில்லை. அவள் ஊர் ஏழு கிலோமீட்டர்; அந்நேரத்துக்குப் பஸ் கிடையாது. உடம்பு சரியில்லையோ என்று நாங்கள் காலை ஜெபத்தில் வேண்டிக்கொண்டோம். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. சைக்கிளில் காற்று நிற்கவில்லை. அப்பாவுக்கு ஞாயிறு தவிர வேலை ஓயாது; அந்த ஞாயிறு உறவினர் வீட்டுத் துக்கம்; ஊரில் சைக்கிள் கடை இல்லை. கடைசியில் பிரித்துப் பார்த்தால் பஞ்சரே இல்லை. வால்வுக்குள் இருக்கும் ஒரு சிறிய ரப்பர்க் குழல் இற்றுப்போயிருந்தது. ஒன்றிரண்டு ரூபாய்ப் பொருள். மாற்ற இரண்டு நிமிஷம். அதற்குள் இயற்பியலில் இரண்டு பாடமும் ஒரு மாதத் தேர்வும் போய்விட்டன.

அந்த வால்வு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருந்தால் அவளே சரி செய்திருப்பாள். உள்ளே உள்ள உலோகக் குழாயின் பக்கத்தில் ஒரு சிறு துளை. அதை மூடிக்கொண்டு ரப்பர்க் குழல். பம்பு அடிக்கும்போது காற்று ரப்பரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும். நிறுத்தியதும் உள்ளே இருக்கும் காற்றே ரப்பரைத் துளையோடு அழுத்தி மூடிவிடும். ரப்பர் பழையதானால் வெடிக்கும்; காற்றுக் கசியும். சைக்கிளில் காற்று இறங்கினால் உடனே பஞ்சர் என்று முடிவு கட்டாதீர்கள். வால்வின் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். குமிழி வந்தால் ரப்பரை மாற்றுங்கள். வராவிட்டால் மட்டும் டயரைக் கழற்றுங்கள்.

டயரைக் கழற்றுவதும் பெரிய வித்தை அல்ல. ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, ஈரம் போகத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லிவிட்டு, ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். காயுமுன் ஒட்டுவதுதான் பலர் செய்கிற தவறு. டயரின் உட்புறத்தை விரலால் தடவி முள்ளை எடுத்துவிடவும் மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அது நாளை மறுபடியும் குத்தும். அண்ணனோ அப்பாவோ வரட்டும் என்று நாம் காத்திருக்கும் வேலை இவ்வளவே. மேலே சொன்ன பெர்த்தா அம்மையார் தொப்பி ஊசியை வைத்துக்கொண்டு காரையே ஓட்டிப் போய்ச் சேர்ந்தார்.

ஆகவே தலைமையாசிரியை மதர் அவர்களுக்கு, இந்த மலரின் வாயிலாக, சைக்கிளில் வரும் மாணவியர் சார்பில் ஒரு விண்ணப்பம். நம் சைக்கிள் கொட்டகையில் ஒரு மரப் பெட்டி வைக்க வேண்டுகிறோம். அதில் வேண்டியவை: காலால் மிதித்து அடிக்கும் பம்பு ஒன்று, ஸ்பேனர் இரண்டு, ஸ்க்ரூ டிரைவர் ஒன்று, டயர் கழற்றும் லீவர் ஒரு ஜோடி, சொல்யூஷன் இரண்டு ட்யூப், உப்புத்தாள், கத்தரிக்கோல், பழைய சைக்கிள் ட்யூப் ஒன்று (ஒட்டு வெட்டுவதற்கு), ஒரு முழம் வால்வு ட்யூப், ஒரு குப்பி எண்ணெய், ஒரு தட்டை வாளி. பழைய ட்யூபை நான் கொண்டுவருகிறேன். வெள்ளிக்கிழமை கைத்தொழில் வகுப்பில் பூத்தையலுக்குப் பதிலாக ஒரே ஒரு வாரம் பஞ்சர் ஒட்டப் பழகிக்கொள்ளச் சிஸ்டர் அனுமதிப்பார்கள் என்று நம்புகிறோம். சொல்லித்தர அம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார். பெட்டியின் சாவி வாட்ச்மேன் தாத்தாவிடம் இருக்கட்டும். காலை எட்டு மணிக்கே அவர் வந்துவிடுகிறார்.

— மேல்நிலை முதலாம் ஆண்டு மாணவி, அறிவியல் பிரிவு